கரையில் தங்கும் நாட்கள்

உல்லாசக் கப்பலில் வட ஐரோப்பாவுக்குச் செல்லும் பிரயாணிக்கு ஒவ்வொரு விடியலும் ஒரு புதிய துறைமுகத்தைக் காட்டுகிறது. காலையில் ஒரு மலையும் அருவியும், மாலையில் வேறொரு மலையும் அருவியும் அவர் ஜன்னலுக்கு எதிரே வந்து நின்று மறைகின்றன. உணவும் உறக்கமும் கப்பலிலேயே அமைந்துவிடுவதால் பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் தொல்லை இல்லை. வயது முதிர்ந்தவர்களுக்கும் குழந்தைகளோடு செல்பவர்களுக்கும் இதைவிடச் சௌகரியமான யாத்திரை அமைவது அரிது. ஆயினும், இவ்வளவு தூரம் இவ்வளவு பொருள் செலவிட்டுச் சென்றவர், ஒவ்வொரு துறைமுகத்திலும் நாலைந்து மணி நேரம் மட்டும் கழித்துவிட்டுத் திரும்புவாராகில், அந்தத் தேசத்தின் முகத்தைக் கண்டார் என்று சொல்லலாமே தவிர, அதனோடு பழகினார் என்று சொல்வதற்கில்லை. கப்பற் பிரயாணத்துக்கு முன்னோ பின்னோ சில நாட்களைச் சேர்த்துக்கொண்டு, நிலத்தை அறிந்த வழிகாட்டியின் துணையோடு கரையில் சஞ்சரித்தால்தான் அந்த யாத்திரை நிறைவு பெறுகிறது.

இதற்கு நார்வேயின் நெடுங்கரை மிகவும் வாய்ப்பான இடம். தெற்கே பெர்கன் நகரத்தில் புறப்பட்டு, ருஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள கிர்க்கெனஸ் வரையில் 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் கரையோரக் கப்பல்களில் இன்று உல்லாசப் பிரயாணிகள் நிறைந்திருந்தாலும், அந்த மார்க்கம் உல்லாசத்துக்காக ஏற்பட்டதன்று. வடபுலத்து ஊர்களுக்கு ஒரு கடிதம் போய்ச் சேர்வதற்குக் கோடையில் மூன்று வாரமும் குளிர்காலத்தில் ஐந்து மாதமும் பிடித்த அந்தக் காலத்தில், ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர், பாறைகள் மலிந்த அந்தக் கடலில் இரவிலும் கப்பல் செலுத்த முடியும் என்று துணிந்து, 1893 ஜூலை 2-ஆம் தேதி 'வெஸ்டரோலன்' என்ற நீராவிக் கப்பலை ட்ரொண்ஹெய்மிலிருந்து ஹம்மர்ஃபெஸ்டுக்குச் செலுத்தினார். அன்று தபாலுக்காகத் திறந்த வழியில் இன்றும் ஊர்க்காரர்கள் ஒரு துறையில் ஏறி மறு துறையில் இறங்குகிறார்கள். அவர்களைப் போலவே வெளியூர்ப் பிரயாணியும் முன்கூட்டியே தனித்தனிச் சீட்டு எடுத்துக்கொண்டு, விரும்பிய ஊரில் இறங்கிச் சில நாள் தங்கி, மற்றொரு கப்பலில் ஏறிக்கொள்ள இடமுண்டு.

தென்பகுதியில் பிரயாணியை முதலில் நிறுத்தி வைப்பவை, ஃபியோர்டு எனப்படும் கடற்கழிகள். பழைய பனியுகங்களில் மலையிலிருந்து இறங்கிய பனியாறுகள் பள்ளத்தாக்குகளைக் கடல்மட்டத்துக்கும் கீழே குடைந்து சென்றன. பனி உருகிய பின் கடல் உள்ளே புகுந்தது. சோங்னஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டுக்குள் செல்கிறது. அதன் நடுவே ஆழம் 1300 மீட்டர் வரை இருக்க, கடலைத் தொடும் வாயிலிலோ ஆழம் மிகக் குறைவு. உள்ளே மலைகளுக்கிடையில் நெருக்குண்டு கிடந்தவரையில் பாறையை அரைத்த பனியாறு, வாயிலை அடைந்து பரந்ததும் வலுவிழந்தது என்று வழிகாட்டி விளக்கும்போது, அதுவரை அழகாக மட்டும் தெரிந்த நீர்ப்பரப்புக்கு ஒரு வரலாறு உண்டாகிவிடுகிறது. இந்தக் கழியின் கிளையொன்றின் கரையிலுள்ள ஃப்ளோம் கிராமத்திலிருந்து மிர்டால் நிலையத்துக்கு ஏறும் ரயில், 20 கிலோமீட்டர் தூரத்தில் 860 மீட்டருக்கு மேல் உயர்கிறது. வழியிலுள்ள 20 சுரங்கப் பாதைகளில் 18 கையாலேயே வெட்டப்பட்டவை.

2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரிக்கப்பட்ட கெய்ராங்கர் கழியிலும் இதே அனுபவம்தான். கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்பவருக்குச் செங்குத்துப் பாறையின் நடுவே ஏதோ ஒரு மரவீடு புள்ளியாகத் தெரியும். வழிகாட்டியோடு அங்கே ஏறிச் செல்பவரோ, ஓர் ஆடு நிற்கவும் யோசிக்கும் சரிவில் மனிதர்கள் வைக்கோல் அறுத்துக் கால்நடை வளர்த்த இடத்தைக் காண்பார். தவழும் குழந்தை விளிம்பைத் தாண்டிவிடாதபடி அதன் இடுப்பில் கயிறு கட்டி வைத்தார்கள் என்று அங்கே சொல்வார்கள். முற்றத்தில் நின்று கீழே நோக்குகிறவர், அதைக் கட்டுக்கதை என்று தள்ளத் துணியமாட்டார்.

வடக்கே ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்ததும் லொஃபோட்டன் தீவுகள் வருகின்றன. ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையில் பாரெண்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் முட்டையிட இங்கே திரண்டு வருகின்றன. பிடித்த மீனைத் தலை நீக்கி, வாலோடு வால் சேர்த்து இரண்டிரண்டாகக் கட்டி, மரப்பரண்களில் தொங்கவிடுகிறார்கள். உப்புச் சேர்ப்பதில்லை, பூஜ்ய பாகைக்குப் பக்கத்திலேயே நிற்கும் குளிரும் ஓயாத கடற்காற்றும் மே மாதத்துக்குள் அதைக் கட்டைபோல் இறுகிய கருவாடாக்கிவிடுகின்றன. நீக்கிய தலைகளும் வீணாவதில்லை. அவையும் உலர்ந்து நைஜீரியாவுக்குக் கப்பலேறுகின்றன. அவற்றின் நாக்கை அறுத்தெடுத்து விற்பது அவ்வூர்ச் சிறுவர்களின் பரம்பரை உரிமை. பள்ளி விட்டதும் கத்தியும் கையுமாக அவர்கள் மீன்கொட்டகையில் வேலை செய்வதைப் பார்க்கிற பிரயாணி, ஒரு சமூகம் தன் தொழிலைத் தன் மக்களுக்குக் கற்பிக்கும் விதத்தைப் பார்த்தவராவார். இன்னும் வடக்கேயுள்ள ஃபின்மார்க் மாகாணத்தின் மீன் பதனிடும் சாலைகளில், ஈழத்திலிருந்து சென்ற தமிழர் பலர் இருள் மூடிய குளிர்காலங்களிலும் உழைத்துக் குடும்பங்களை நிலைநிறுத்திக்கொண்டார்கள் என்பதும் நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

ட்ரொம்சோ, ஆல்ட்டா ஆகிய ஊர்களைச் சுற்றி வாழும் சாமி மக்களிடம் ஒரு பகலேனும் கழிப்பது அவசியம். வடபுலத்தின் ஆதிக்குடிகளான இவர்கள் நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ருஷ்யா ஆகிய நான்கு தேசங்களிலும் பரவியுள்ளார்கள். நார்வேயில் இவர்களுக்கென்று ஒரு தனி மன்றம் 1989-இல் காராஷோக்கில் திறக்கப்பட்டது. இவர்களுள் கலைமான் மேய்ப்போர், ஒவ்வொரு கன்றின் காதிலும் தத்தமக்கு உரிய வடிவத்தில் கத்தியால் நறுக்கி அடையாளமிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான மான்கள் ஓடும் மந்தையில் அந்த நறுக்கைக் கொண்டே உரியவர் தம் மானை இனம் கண்டுகொள்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் நம்ப முடியும். 'உங்களிடம் எத்தனை மான்கள்?' என்று மட்டும் கேட்கலாகாது. அது ஒருவரிடம் பாங்கியில் எவ்வளவு பணம் போட்டிருக்கிறீர்கள் என்று விசாரிப்பதற்குச் சமானம். குளிர்காலத்தில் மான்கள் குளம்பால் பனியைத் தோண்டி அடியிலுள்ள பாசியினத்தை உண்கின்றன. குளிர்காலத்தின் நடுவே மழை பெய்து பனியின்மேல் உறைந்துபோனால், மேய்ச்சல் கண்ணுக்குக் கீழே இருந்தும் வாய்க்கு எட்டாமல் மந்தை பட்டினி கிடக்கும். பூமி வெப்பமடைவதைப் பற்றி எத்தனையோ படித்திருந்தாலும், ஒரு மேய்ப்பர் பனியைக் கிளறி அந்தக் கண்ணாடித் தகட்டைக் காட்டும்போது உண்டாகும் தெளிவு வேறு.

துருவ ஒளி காண விரும்புகிறவர்களுக்கும் கரையே சிறந்தது. சூரியனிலிருந்து வீசும் மின்துகள்கள் பூமியின் காந்தப்புலத்தால் துருவத்தை நோக்கித் திருப்பப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டருக்கு மேலே வாயு அணுக்களோடு மோதுவதால் பிராணவாயு பச்சையாகவும் சிற்சில சமயம் சிவப்பாகவும் ஒளிர்கிறது. செப்டம்பர் முதல் மார்ச் வரை அது தோன்றக்கூடிய பருவம். ஆனால் மேகம் மூடினால் எதுவும் தெரியாது. கப்பல் தன் கால அட்டவணைப்படியே போயாக வேண்டும். கரையிலுள்ள வழிகாட்டியோ, மாலையில் வானிலைப் படத்தைப் பார்த்துவிட்டு, கடலோர மேகத்தை விட்டு விலகி ஃபின்லாந்து எல்லைப் பக்கம் மணிக்கணக்காக வண்டியைச் செலுத்தி, தெளிந்த வானத்தைத் தேடிப் பிடிக்கிறார். ஒரே இரவை நம்பியிராமல் மூன்று நான்கு இரவுகளை இதற்கு ஒதுக்குவது விவேகம்.

எல்லா இடங்களிலும் நாட்கணக்கில் தங்க வேண்டுமென்பதில்லை. ஹோனிங்ஸ்வோக் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் சில மணி நேரத்திலேயே நூர்காப் என்ற வடமுனைக்குப் பஸ்ஸில் போய்த் திரும்பலாம். கடலுக்கு மேல் 307 மீட்டர் உயர்ந்து நிற்கும் அந்தப் பாறையில், மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை இறுதி வரையில் சூரியன் அஸ்தமிப்பதில்லை. சயாம் மன்னர் சூலாலங்கோர்ன் 1907-இல் அங்கே வந்ததற்கு அறிகுறியாக ஒரு சிறு காட்சிசாலையும் இருக்கிறது.

வழிகாட்டி இன்றியமையாதவர் என்பதை ஐயமறக் காட்டும் இடம் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். துருவத்துக்கும் நார்வேயின் வடகரைக்கும் ஏறக்குறைய நடுவே இருக்கும் இதன் நிலத்தில் பெரும்பகுதி பனியாறு. தலையூரான லாங்யியர்பியனில் சுமார் 2500 பேர் வசிக்கிறார்கள். 1920-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி இது நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது. அதில் அன்றைய இந்தியாவின் சார்பிலும் கையெழுத்து இடப்பட்டது. 1926-இல் துருவ ஆராய்ச்சியாளர் அமுண்ட்சென் ஆகாயக் கப்பலில் துருவத்தை நோக்கிப் புறப்பட்ட நீ-ஓலசுண்ட் என்னும் சிற்றூரில், 2008 முதல் நம் நாட்டின் 'ஹிமாத்ரி' ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது.

இங்கே ஊர் எல்லையைத் தாண்டுகிறவர் துருவக்கரடியை விரட்டத் தக்க சாதனங்களை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சிறு கப்பலிலிருந்து கரையேறும் முறையைப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். முதலில் வழிகாட்டிகள் மட்டும் ரப்பர்ப் படகில் சென்று, கரையின் மேடுகளையும் பள்ளங்களையும் தொலைநோக்கியால் துருவி ஆராய்கிறார்கள். நிலம் நிச்சயமான பிறகே பிரயாணிகளை அழைக்கிறார்கள். அதற்கு முன்பே காலணிகளைத் தேய்த்துக் கழுவி, உடையின் மடிப்புகளில் ஒட்டிய விதைகளையும் அகற்றச் செய்கிறார்கள்; வேற்று நிலத்துச் செடி ஒன்று இங்கே வேர் பிடிக்கலாகாது. கரையில் அனைவரும் ஒரே கூட்டமாக நடக்க வேண்டும்; முன்னும் பின்னும் துப்பாக்கியோடு ஒருவர் நடப்பார். முதலில் வெளிச்ச வெடியால் மிருகத்தை விரட்டுவதே முறை. குண்டு கடைசி உபாயம். கரடி தென்பட்டுவிட்டாலோ, அதை அதன் வழியில் விட்டு எல்லோரும் படகுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான்.

நடக்கும்போது வழிகாட்டி காட்டுபவை பெரும்பாலும் காலடியில் இருப்பவை. மிதித்தால் பல ஆண்டுகளுக்குத் தழும்பு மறையாத பாசிமெத்தை ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டையாடிய டச்சுக்காரர்கள் கொழுப்பைக் காய்ச்சிய அடுப்பின் எச்சம் ஒன்று. 1946-க்கு முற்பட்ட மனிதத் தடயம் யாவும் இங்கே சட்டத்தின் காப்பில் உள்ளவையாதலால், துருப்பிடித்த ஆணியைக்கூட இடம் மாற்றலாகாது. கோடையில் ஆலாப் பறவை தன் கூட்டை அணுகுவோரின் தலையைக் கொத்தப் பாயும். அது உயரமான நுனியையே குறி வைப்பதால், ஒரு குச்சியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி மெல்ல விலகச் சொல்வார்கள். அண்டார்டிகாவரை சென்று திரும்பி வந்து முட்டையிடும் அந்தச் சிறு ஜீவனின் சினம் நியாயமானதென்று எண்ணாமலிருக்க முடியாது.

இத்தகைய நிலத்துக்குப் பெருங்கூட்டம் வருவது கேடு என்பதை அரசாங்கம் உணர்ந்திருக்கிறது. 2025 தொடக்கம் ஸ்வால்பார்டின் காப்பிடங்களில் 200 பிரயாணிகளுக்கு மேற்பட்ட கப்பல்கள் நுழையலாகாது. அங்கே கரையேறுவதும் 43 இடங்களில் மட்டுமே. கரடியிடமிருந்து 300 மீட்டரும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டரும் விலகி நிற்க வேண்டும். உலகப் பாரம்பரியக் கழிகளிலும் புகையற்ற கப்பல்களே செல்லலாம் என்ற விதி, 2026 முதல் சிறு கப்பல்களுக்கும் 2032 முதல் பெருங்கப்பல்களுக்கும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. சில நூறு பேரே வாழும் கெய்ராங்கர் போன்ற ஊரில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பகலில் இறங்கி ஏறுவதைவிட, சிலர் சில நாள் தங்கி, உள்ளூர் விடுதியில் உண்டு உறங்கி, உள்ளூர் வழிகாட்டிக்குக் கூலி கொடுப்பது அவ்வூருக்கும் நன்மை, வந்தவருக்கும் நன்மை.

புறப்பட எண்ணுவோருக்குச் சில ஏற்பாடுகள் தேவை. ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், நார்வே வழியாக அங்கே போய்த் திரும்பும் இந்தியர் இருமுறை நுழைய அனுமதிக்கும் விசா பெற்றிருக்க வேண்டும். மலையிலும் பனியிலும் மீட்புச் செலவை ஏற்கும் காப்புறுதி அவசியம். உடலை ஒட்டிக் கம்பளி, அதன்மேல் வெதுவெதுப்பான ஓர் உடை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத அங்கி என்று அடுக்கி உடுத்த வேண்டும். பருத்தி வியர்வையில் நனைந்தால் உலராமல் உடலைக் குளிரச் செய்யும். கப்பல் நிறுவனமே நடத்தும் உலாவில் தாமதம் நேர்ந்தால் பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும். தாமே ஏற்பாடு செய்துகொண்டவருக்காகக் காத்திராது. ஆகவே நீண்ட தங்கல்களைக் கப்பலேறுவதற்கு முன்போ இறங்கிய பின்போ வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. சைவ உணவினர் முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது.

காலமும் பணமும் எல்லோருக்கும் அளவாகவே கிடைக்கின்றன. ஆதலால், எல்லாத் துறைமுகங்களையும் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசையைச் சற்றே அடக்கி, கப்பல் நாட்களில் இரண்டு மூன்றைக் குறைத்தாவது ஓர் ஊரில், ஒரே வழிகாட்டியோடு, அந்நாட்களைக் கழிக்கும்படி வேண்டுவேன். காண வேண்டியவற்றைக் கப்பல் தூரத்திலிருந்து காட்டிவிடும். எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கலாகாது என்பதை, அந்நிலத்தில் ஆண்டு முழுவதும் வாழ்கிற ஒருவர்தான் சொல்லித்தர முடியும். அதைக் கற்றுக்கொண்டவரே அந்தப் பனிநிலத்தின் நல்ல விருந்தாளி.