கண் எங்கே இருக்கிறது?

ஒரு தாளை எடுத்து, யாரையும் பார்க்காமல் ஒரு முகம் வரையுங்கள். ஒரு நிமிடம் போதும். வரைந்தாயிற்றா? இப்போது அந்தப் படத்தில் உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை உள்ள நீளத்துக்கு ஒரு காகிதத் துண்டைக் கிழியுங்கள். அதைச் சரிபாதியாக மடித்துப் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். கண்கள் மடிப்புக்கு மேலே, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். பெரும்பாலோர் படத்தில் இப்படித்தான் வரும், பெரியவர்கள் வரைந்தாலும்.

அடுத்து நிஜ முகத்தை அளப்போம். அம்மாவையோ அப்பாவையோ சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள். தலைமுடியை நன்றாக அழுத்தி, உச்சந்தலைமேல் ஒரு ஸ்கேலைப் படுக்கையாக வைத்து, அங்கிருந்து மோவாய் வரை காகிதத் துண்டால் அளந்து, பாதியாக மடியுங்கள். மடிப்பு கண்ணுக்கு நேராக வரும். நெற்றியும் அதற்கு மேலுள்ள மண்டையும் சேர்ந்து தலையில் பாதி இருக்கிறது!

பிறந்த நாளிலிருந்து பார்த்துவரும் முகம். அதில் கண் எங்கே இருக்கிறது என்பது எப்படித் தெரியாமல் போயிற்று?

இதற்குக் காரணம் உங்கள் மூளையின் திறமை. பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைகூட, மற்ற வடிவங்களைவிட முகம் போன்ற வடிவத்தையே அதிகம் பார்க்கும். நம் மூளையின் அடிப்பக்கத்தில், வலக்காதுக்குச் சற்றுப் பின்னால், முகங்களைப் பார்க்கும்போது மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்யும் ஒரு பகுதி இருக்கிறது. அமெரிக்க அறிவியலாளர் நான்சி கான்விஷரும் அவருடைய குழுவினரும் 1997இல் அதைப் பற்றி விளக்கமாக எழுதினார்கள். ‘இது யார், கோபமாக இருக்கிறாரா, சிரிக்கிறாரா’ என்பதை மூளை கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். அதற்குக் கண், மூக்கு, வாய் இருந்தால் போதும். வெறுமையாகக் கிடக்கும் நெற்றியையும் மண்டையையும் அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ளாததை நாமும் சின்னதாக வரைந்துவிடுகிறோம்.

மூளையின் இந்த அவசரத்தைக் காட்டும் ஒரு சோதனை உண்டு. 1980இல் பீட்டர் தாம்சன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சரின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டார். கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாகத் திருப்பி அதே இடத்தில் ஒட்டினார். முழுப் படத்தையும் தலைகீழாகப் பிடித்தால் பெரிதாக எதுவும் மாறியதாகத் தெரியாது. நேராகத் திருப்பினாலோ பார்க்கவே பயமாக இருக்கும்! முகம் தலைகீழாக இருக்கும்போது மூளையின் முகம் பார்க்கும் திறமை தடுமாறிப்போகிறது.

வரைபவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் ஒரு வரம். ஒரு முகப் படத்தைத் தலைகீழாக வைத்து, அப்படியே தலைகீழாகவே வரைந்து பாருங்கள். அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் வெளியிட்ட நூலால் இந்தப் பயிற்சி உலகமெங்கும் பரவியது. ‘இது மூக்கு’ என்று மூளை முந்திக்கொண்டு சொல்லாததால், இந்தக் கோடு எவ்வளவு சாய்கிறது, அந்த நிழல் எங்கே முடிகிறது என்று கண் பார்க்கத் தொடங்கும். வரைந்து முடிக்கும்வரை தாளைத் திருப்பக் கூடாது. அது மட்டும்தான் விதி.

சரி, தேர்ந்த ஓவியர் எப்படிப் பார்க்கிறார்? பிரிட்டிஷ் ஓவியர் ஹம்ஃப்ரி ஓஷன் உருவப்படம் வரையும்போது அவருடைய கண் அசைவுகளை ஆய்வாளர்கள் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். அவர் முகம் முழுவதையும் மேய்ந்துகொண்டிருக்கவில்லை. ஒரு சிறு இடத்தை மட்டும் நிலையாகப் பார்த்தார், உடனே தாளுக்கு வந்தார், மறுபடியும் எதிரே இருப்பவரைப் பார்த்தார். நாம் கண்ட வடிவம் மனதில் கொஞ்ச நேரம்தான் கலையாமல் நிற்கும். அது கலைவதற்குள் தாளில் இறக்கிவிட வேண்டும். நம்மில் பலர் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு தாளையே குனிந்து பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் வரைகிறோம். அந்த ஐந்து நிமிடமும் தாளில் விழுவது ஞாபகம்தான், எதிரே உள்ள முகம் இல்லை.

உங்கள் வயதுப் பையன் ஒருவன் வரைந்த படத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் ஒரு பொற்கொல்லரின் மகன், ஆல்பிரெக்ட் டியூரர். 1484ஆம் ஆண்டு, 13 வயதில், கண்ணாடியில் பார்த்துத் தன்னையே வரைந்தான். பென்சிலால் அல்ல, வெள்ளிக் கம்பியால்! எலும்புத்தூள் போன்ற ஒரு பொடியைப் பசையில் குழைத்துப் பூசிய தாளின்மேல் வெள்ளியை இழுத்தால் மெல்லிய கோடு விழும்; நாளாக ஆகப் பழுப்பாகும். அதை ரப்பரால் அழிக்க முடியாது. ஒவ்வொரு கோட்டையும் பார்த்து, நிதானித்துத்தான் போட வேண்டும். அந்தப் படம் இன்றும் வியன்னாவின் ஆல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டியூரர் பின்னாளில் பெரிய ஓவியரானார். வளர்ந்த பிறகும் பயிற்சியை விடவில்லை. 1493இல் ஒரு தாளின் ஒரு பக்கம் தன் முகத்தையும் கையையும் ஒரு தலையணையையும் வரைந்தார். மறுபக்கம் ஆறு தலையணைகள், ஒவ்வொன்றும் வேறு விதமாகக் கசங்கியவை. வரைய ஆள் கிடைக்காத நாளில் எனக்கு அந்தத் தலையணைகள் ஞாபகத்துக்கு வரும்.

நீங்களும் கண்ணாடிமுன் நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், கண்ணாடியில் தெரியும் உங்கள் முகத்தின் ஓரத்தைச் சோப்புத் துண்டால் கோடாக வரையுங்கள். பிறகு ஸ்கேலால் அளந்து பாருங்கள். கோடு உங்கள் முகத்தில் பாதி அளவுதான் இருக்கும்! பின்னால் நகர்ந்து நின்றாலும் முகம் அந்தக் கோட்டுக்குள்ளேயே பொருந்தி நிற்கும். நீங்கள் கண்ணாடிக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறீர்களோ, பிம்பம் அவ்வளவு பின்னால் இருப்பதுபோலத் தெரிகிறது. கண்ணாடி எப்போதும் சரியாக நடுவில் இருப்பதால் பாதி.

பயிற்சிக்கு நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட இது நல்லது. கை போக நினைத்த வழிக்கும் போன வழிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிறுமூளை கவனித்து, அடுத்த கோட்டைத் திருத்துகிறது. அன்று கற்றது இரவில் தூங்கும்போது மூளையில் உறுதிப்படுகிறது. தினமும் வரைந்தால் வாரத்தில் ஏழு இரவுகள் உங்களுக்காக வேலை செய்யும். ஞாயிறு மட்டும் வரைந்தால் ஒன்றே ஒன்று.

முகத்தில் கொஞ்சம் கை படிந்ததும் முழு உருவத்துக்கு வாருங்கள். கும்பகோணத்துக்கு அருகே சுவாமிமலையில் வெண்கலச் சிலை செய்யும் ஸ்தபதிகள், சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலை நறுக்கு ஒன்றை வெட்டி, அதை மடித்து மடித்து அளவுகளைக் குறித்துக்கொள்வார்கள். முகத்தின் நீளத்துக்குத் தாளம் என்று பெயர். பெரிய தெய்வங்களின் உருவங்களுக்குத் தசதாளம், அதாவது ஏறக்குறையப் பத்து முக நீளம். பிள்ளையாருக்கும் குழந்தைக் கண்ணனுக்கும் பஞ்ச தாளம், ஐந்துதான். தலை பெரியது, உடல் சின்னது. பிறந்த குழந்தையைப் பார்த்தால் இதன் பொருத்தம் புரியும். அதன் மொத்த நீளத்தில் கால் பங்கு தலையே இருக்கும். வளர்ந்த மனிதரின் உயரத்தில், உச்சியிலிருந்து மோவாய் வரையுள்ள தலை ஏழரையில் ஒரு பங்குதான். அப்படியானால் உங்கள் உயரம் எத்தனை தலை? பெரியவர்களை வரைந்தால் சிறுவர்களாகத் தெரிகிறார்கள் என்று வருந்துபவர்கள் முதலில் தலையைத்தான் அளந்து பார்க்க வேண்டும்.

உருவம் வரையப் பேருந்து நிறுத்தத்தைவிட நல்ல இடம் இல்லை. பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று வையுங்கள். சட்டைப் பொத்தானும் கைப்பையும் வேண்டாம். தலை எங்கே, தோள் எப்படிச் சாய்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் தூக்கியிருக்கிறது, எந்தக் கால் எடையைத் தாங்குகிறது என்று மட்டும் பாருங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு போல ஒரு நூலில் சின்னக் கல்லைக் கட்டி, கண்முன் தொங்கவிடுங்கள். நூலின் மேல்முனையை எதிரே நிற்பவரின் கழுத்துக் குழிக்கு நேராகப் பிடியுங்கள். ஒரே காலில் எடையைப் போட்டு நிற்பவரானால், நூல் அந்தக் காலின் பாதத்துக்குப் பக்கத்தில் வரும். உடலின் ஈர்ப்பு மையம் பாதத்துக்கு நேர்மேலே இல்லாவிட்டால் அவர் விழுந்துவிடுவார்! சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால், மூன்று இடத்தில் வளைந்து நிற்கும் சோழர் காலப் பார்வதி சிலைகளிலும் இதே கணக்கைப் பார்க்கலாம்.

உங்கள் படத்தில் இருப்பவர் சாய்ந்து விழப்போவதுபோல் தெரிந்தால் நூலை இன்னொரு முறை பிடித்துப் பாருங்கள். தாளில் பாதம் எங்கே தவறிப்போனது என்று தெரிந்துவிடும். அழித்துக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்திலேயே புதிதாக ஒன்று வரையுங்கள், பேருந்து வருவதற்குள்.