டைபாய்டு ஊசி எப்போது முடிகிறது? தேதியைப் பாருங்கள்

கோலா கங்சாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள், தொழிலாளியின் உணவு கையாள்வோர் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். டைபாய்டு ஊசி அட்டைதான் எங்கேயாவது டிராயரில் கிடக்கும். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி இரண்டுமே கட்டாயம். மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.

ஊசியின் ஆயுள் 3 ஆண்டு. ஊசி போட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும், உங்களிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அல்ல. வேறு கடையில் இருந்தபோது 2024 மார்ச் 10இல் போட்டவர், உங்களிடம் 2025 ஜூனில் சேர்ந்தாலும் 2027 மார்ச்சில் மறுபடி போட்டாக வேண்டும். போட்டதும் பலன் வந்துவிடாது, ஏறக்குறைய 2 வாரம் பிடிக்கும். ஆகவே நாட்காட்டியில் பிப்ரவரியிலேயே அவர் பெயரை எழுதி வையுங்கள்.

செம்பனை ஆலையில் இது உயிர்ப் பிரச்சினை. தொட்டி, கொதிகலன் போன்ற அடைபட்ட இடத்தில் இறங்குபவருக்கும் வெளியே காவல் நிற்பவருக்கும் பயிற்சி அட்டை வேண்டும். அது 2 ஆண்டுதான் செல்லும். எல்லாரையும் ஒரே நாளில் பயிற்சிக்கு அனுப்பினால் எல்லா அட்டையும் ஒரே நாளில் முடியும். அன்று தொட்டி கழுவ ஆளிருக்காது. அதைவிட மோசம், அட்டை இல்லாத ஒருவரை நச்சு வாயுவுக்குள் இறக்கிவிடுவது. பாதிப் பேரைச் சில மாதம் முன்னதாகவே புதுப்பிக்க அனுப்பிவிடுங்கள்.