முதலில் சுவர், பிறகு அடுப்பு

மதுரை மாசி வீதிகளின் பழைய வீடுகளில் இன்டக்‌ஷன் அடுப்பு வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, சுவரிலுள்ள பிளக் பாயிண்டை. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். சாதாரணப் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர்தான். இத்தனை நாள் மிக்ஸி அதில்தானே ஓடியது என்று கேட்கலாம். 750 வாட் மிக்ஸிக்கு மூன்றேகால் ஆம்பியர் போதும், ஓடுவதும் சில நிமிடங்களே. அடாப்டர் செருகினால் அடுப்பின் பிளக் பொருந்தும். உள்ளே ஓடும் மெல்லிய வயர் தடிக்காது, சூடேறி சுவிட்சின் ஓரம்தான் பழுப்பேறும். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் பாயிண்ட் வையுங்கள். எலக்ட்ரீஷியன் கூலி கூடுதல்தான், அடுப்பின் விலையில் குறைத்தாவது அதைக் கொடுக்கலாம். எர்த்தையும் பாருங்கள்: கரியும் உப்பும் இட்ட எர்த் குழி சித்திரை வெயிலில் காய்ந்தால் கசியும் மின்சாரம் மண்ணில் சரியாக இறங்காது. கோடையில் அதற்கும் அவ்வப்போது ஒரு வாளி தண்ணீர் வேண்டும்.