பாயிண்ட் வைக்கத் தெரிந்த கை எங்கே?

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டுக்கு இன்று மவுசு கூடிவிட்டது. வலது பக்க கியர் வண்டி என்றால் விலை பேசவே யோசிக்க வேண்டியிருக்கிறது. வாங்கியவர்கள் பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் பணத்தைக் கொட்டுகிறார்கள். பத்துக் கிக் அடித்தும் வண்டி உயிர் பெறாத காலையில்தான், பாயிண்ட் வைக்கத் தெரிந்த மெக்கானிக் யார் என்று ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள்.

இன்ஜினின் வலது பக்க வட்ட மூடியைக் கழற்றினால் அந்த பாயிண்ட் தெரியும். மிளகளவே உள்ள இரண்டு டங்ஸ்டன் முனைகள். அவை ஒட்டியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடுகிறது. கேம் தள்ளி அவை விலகும் கணத்தில் அது அறுந்து, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பிளக்கில் பொறி விழுகிறது. விலகும் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. கேமின் மேடு முழுதாக எழும்பி நிற்கும் இடத்தில் ஃபீலர் கேஜை விட்டு அளக்க வேண்டும். தகடு லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. இந்த இடைவெளியை, அதாவது கேப்பைத் தொட்டாலே, பொறி விழும் நேரமான டைமிங் நகர்ந்துவிடும். இடைவெளி கூடினால் முனைகள் முன்கூட்டியே விலகும், அதாவது அட்வான்ஸ்; குறைந்தால் ரிடார்ட். எனவே கேப்பை முதலில் முடித்துவிட்டுத்தான் டைமிங்கில் கை வைக்க வேண்டும். இதை மாற்றிச் செய்து, வண்டி இழுக்கவில்லை என்று கார்புரேட்டரைப் பிரித்துப் போட்ட ஷெட்டுகள் எத்தனையோ!

டைமிங் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டுவார்கள். கம்ப்ரஷனில் பிஸ்டன் மேலேறி வரும்போது, உச்சியைத் தொட 0.8 மி.மீ. இருக்கையில் முனைகள் விலகத் தொடங்க வேண்டும். அளவைத் தாண்டிவிட்டால் சக்கரத்தை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, மறுபடி முன்னோக்கியே வர வேண்டும். இல்லையென்றால் பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள ஆட்டம் கணக்கைக் கெடுத்துவிடும். முனைகள் விலகுவதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிலர் சிகரெட் தாளை நடுவே செருகி, அது இளகி வரும் நொடியைப் பிடிப்பார்கள். புல்லட்டில் அதைவிட நல்ல வழி ஹெட்லைட்டின் மேலேயே இருக்கிறது. சாவியைத் திருப்பினால், முனைகள் ஒட்டியிருக்கும்வரை ஆம்பியர் முள் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். விலகியதும் நடுவுக்குத் துள்ளும். அந்தத் துள்ளல்தான் டைமிங். விலகலைப் பிடிக்கத் தனியாக ஒரு கருவியும் வேண்டாம்.

டைமிங் அட்வான்ஸாகப் போனால் கிக்கர் திருப்பி அடிக்கும். காலைப் பதம் பார்த்துவிடும். ரிடார்ட் ஆனால் இழுவை போய், இன்ஜின் கொதித்து, சைலன்ஸரில் வெடி கேட்கும். கேமில் உரசும் பாயிண்ட்டின் குதிகால் தேயத் தேய கேப் குறைந்து, டைமிங் தானாகவே பின்வாங்கும். கேமில் துளி கிரீஸ் வைத்தால் தேய்மானம் மட்டுப்படும். முனைகள் அடிக்கடி கருகினால் பாயிண்ட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, கண்டன்ஸரைச் சந்தேகிக்க வேண்டும்.

1955-இல் மெட்ராஸில் புல்லட் தயாரிப்பு தொடங்கியதிலிருந்து அரை நூற்றாண்டு காலம் இந்த வித்தை கையிலிருந்து கைக்குத்தான் வந்தது. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவன் பார்த்துப் பார்த்துக் கற்றான். அந்தக் கைகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. ஷெட்டுக்கு வரும் புதுப் பையன்கள் பார்ப்பதெல்லாம் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கற்றுக்கொள்ள வண்டியும் இல்லை, சொல்லித்தர நேரமும் யாருக்கும் இல்லை. "அண்ணே, பேசாம எலக்ட்ரானிக் போட்டுடலாமே" என்பதுதான் எளிதான பதில்.

எலக்ட்ரானிக் இக்னிஷனில் தேய்மானம் இல்லை, டைமிங் நிலையாக நிற்கும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் அதன் பெட்டி நடுவழியில் செத்தால் வண்டியை லாரியில்தான் ஏற்ற வேண்டும். கரி பிடித்த பாயிண்ட்டை ஒரு துண்டுக் காகிதத்தால் துடைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்துவிடலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, மாற்றிய கையோடு பழைய பாயிண்ட் தட்டும் கேமும் காயலான் கடைக்குப் போய்விடுவது. வண்டி ஓடும், காட்சிக்கும் நிற்கும். அதை ஓட வைத்த வேலை தெரிந்தவர் ஒருவரும் மிஞ்ச மாட்டார்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் அடுத்த முறை டைமிங் வைக்கும்போது டீக்கடைப் பக்கம் போய்விட வேண்டாம். மெக்கானிக்கின் பக்கத்திலேயே நின்று அவர் கை போகும் வழியை செல்போனில் படம் பிடியுங்கள், இரண்டாவது முறை அவரை மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டு நீங்களே செய்யுங்கள். டூல் பாக்ஸில் ஒரு பாயிண்ட் செட், ஒரு கண்டன்ஸர், ஒரு ஃபீலர் கேஜ் இருக்கட்டும். எலக்ட்ரானிக்குக்கு மாற்றியே தீர வேண்டும் என்றால், கழற்றியதைத் துணியில் சுற்றி வீட்டில் வைத்திருங்கள்.