பொதுப் போக்குவரத்தும் பண்பாட்டு வரலாற்றுக் காட்சிகளும்

பேருந்து, தொடர்வண்டி, மெட்ரோ ஆகியவற்றை இயக்கும் நிறுவனங்கள் தம் நிலையங்களிலும் வண்டிகளிலும் வரலாறு, இலக்கியம், கலை ஆகியவற்றை விளக்கும் பலகைகள், படங்கள், அருங்காட்சிகள் அமைப்பது உண்டு. பயணிகளின் கட்டணமும் அரசின் மானியமும் கொண்டு இயங்கும் நிறுவனம் இதற்குப் பணம் செலவிடலாமா என்பது விவாதத்திற்குரிய கேள்வி.

நடைமுறையில் உள்ளவை

தமிழ்நாட்டில் அனைவரும் அறிந்த சான்று, அரசுப் பேருந்துகளில் எழுதப்படும் திருக்குறள். அண்ணாதுரை அமைச்சரவையில் மு. கருணாநிதி போக்குவரத்துத் துறையைக் கவனித்தபோது இம்முறை தொடங்கியது. ஒரு பலகையும் சிறிது வண்ணமுமே இதற்கான செலவு.

தொடர்வண்டித் துறை தன் சொந்த வரலாற்றைக் காட்டச் சென்னைப் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி ஓர் அருங்காட்சியகத்தை 2002இல் திறந்தது. தில்லி மெட்ரோவின் படேல் சௌக் நிலையத்திலும் ஓர் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. ஏதென்சு நகரின் சிந்தாக்மா மெட்ரோ நிலையத்தில், சுரங்கம் தோண்டியபோது கிடைத்த தொல்பொருள்கள் பயணிகள் நடக்கும் வழியிலேயே கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்பட்டுள்ளன.

எதிர்ப்பும் ஆதரவும்

எதிர்ப்போர் கூறும் காரணங்கள் எளியவை. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் நட்டத்தில் ஓடுகின்றன. கழிப்பறை, குடிநீர், இருக்கை, நேரத்திற்கு வரும் வண்டி ஆகியவையே பயணியின் முதல் தேவைகள். வரலாற்றைக் காப்பதற்கெனத் தொல்லியல் துறையும் அருங்காட்சியகத் துறையும் தனியே உள்ளன. மேலும், பராமரிப்பு இல்லாத காட்சிப்பலகை சில மாதங்களில் சுவரொட்டி ஒட்டும் இடமாகிவிடும்.

ஆதரிப்போர், பயணியின் காத்திருப்பு நேரத்தைச் சுட்டுகின்றனர். அருங்காட்சியகத்திற்கு நேரம் ஒதுக்கிச் செல்பவர் சிலரே. பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நிற்பவர் பலர். கட்டணம் கொடுத்து அருங்காட்சியகம் செல்ல இயலாதவரும் அவர்களில் அடங்குவர்.

திருவண்ணாமலையின் நிலை

கார்த்திகைத் தீபத்திற்கும் பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்குச் சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படுகின்றன. வருவோரில் பெரும்பாலோர் அருணாசலேசுவரரை வணங்கி, 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து ஊர் திரும்புகின்றனர். இம்மாவட்டத்தின் பிற வரலாறு அவர்கள் கண்ணில் படுவதில்லை.

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தருக்கு வழி கூறும் நூல். 583 அடிகள் கொண்டது. வழிப்பயணத்தையே பொருளாகக் கொண்ட இந்நூலுக்குப் பேருந்து நிலையத்தை விடப் பொருத்தமான இடம் ஏது? செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளம். எடுத்தனூரில் உள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அந்த நாய், கள்ளர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றதாகக் கல்வெட்டு கூறுகிறது. 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறித்தார்கள் என்ற செய்தி எந்தச் சிறுவனையும் நிறுத்திப் படிக்க வைக்கும்.

செலவை யார் ஏற்பது?

தமிழ்நாட்டில் பேருந்துகள் போக்குவரத்துக் கழகத்துடையவை. பேருந்து நிலையங்கள் பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்புகளுடையவை. எனவே முழுச் செலவையும் கழகம் ஏற்க வேண்டியதில்லை. சுவரை உள்ளாட்சியும், பிழையற்ற செய்தியையும் படங்களையும் தொல்லியல் துறையும் தரலாம். பேருந்தினுள் ஒரு பலகைக்கான இடத்தைக் கழகம் தரலாம். மூலக்கற்கள் அவை நிற்கும் ஊரிலேயே இருக்க வேண்டும். நிலையத்திற்கு ஒளிப்படம் போதும்.

அடிப்படை வசதிக்கான பணத்தை எடுத்துப் பெரிய கண்காட்சிக் கூடம் கட்டுவது முறையாகாது. ஆனால் குறைந்த செலவில், எல்லாப் பயணிக்கும் எட்டும் வகையில், பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்று முன்பே முடிவு செய்து அமைக்கும் பலகை வீண்செலவு அல்ல. பேருந்தில் எழுதிய குறளைப் படித்தே பலர் அதை மனப்பாடம் செய்திருப்பது இதற்குச் சான்று.