வளைந்த கையும் வழங்கிய கையும்

விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவதா எனச் சிலர் வினவுதல் கூடும். ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்திய போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் உள. தோள்வலியைப் போற்றுதல் நம் புலவர்க்குப் புதிதன்று. அத்தோள் பிறர்க்கு யாது செய்தது என்பதே நாம் மேலும் கேட்க வேண்டுவது. அக்கேள்வியோடு முத்தையா முரளிதரனை ஈண்டு நோக்குவோம்.

அவர் 1972இல் கண்டியிற் பிறந்தவர். தந்தையார் பிஸ்கற்றுத் தொழிற்சாலை நடத்தியவர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அத்தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. மைந்தரின் வலக்கையோ பிறவியிலேயே முற்றாக நிமிராதது. அம்முழங்கையும், விந்தையாய்ச் சுழலும் மணிக்கட்டுமே அவருடைய பந்துவீச்சின் முதற்பொருள். அவையே அவர்மீது எழுந்த வழக்கிற்கும் காரணமாயின.

1995 டிசெம்பர் 26ஆம் நாள், மெல்பேர்ண் நகரில், இவர் பந்தை வீசுகின்றாரல்லர், எறிகின்றார் என்று நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவர்களுள் ஏழு முறை கைநீட்டினார். திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் நடுவே ஓர் இளைஞர் குற்றவாளிபோல் நின்றார். பின்னர் ஆய்வுகூடங்களில் அக்கை அளக்கப்பட்டது. ஏனையோர் கைகளையும் கருவிகொண்டு அளந்தபோது, குற்றமற்றவை எனப்பட்ட பல கைகளும் வீச்சின்போது சிறிது நிமிர்வது தெரியவந்தது. 2005இல் 15 பாகை வரை நிமிரலாம் என எல்லார்க்கும் பொதுவாக விதி வகுக்கப்பட்டது. ஒருவர் கையை அளக்கப் புகுந்து உலகத்தார் கைகளையெல்லாம் அளக்க நேர்ந்தது வேடிக்கையே.

சரியாக ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 2004இல் அதே டிசெம்பர் 26. அந்நாளைக் கல்முனைக் கரையார்க்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. மருதமுனை தொடங்கிச் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வரை கடல் உள்ளே வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் மாண்டவர் ஏறத்தாழ 10,000 பேர். நாட்டின் வேறெம் மாவட்டமும் அத்தனை உயிரை இழக்கவில்லை.

அன்று காலை முரளிதரன் தென்கரையிலுள்ள சீனிகம என்னும் சிங்களக் கிராமத்திற்குச் சென்றுகொண்டிருந்தார். அவருடைய முகாமையாளர் குஷில் குணசேகர 1999இல் அங்கே தொடங்கிய 'ஃபவுண்டேசன் ஒஃப் குட்னஸ்' என்னும் அறநிலையத்தில் சிறுவர்க்குப் பரிசு வழங்குவதாக ஏற்பாடு. இருபது நிமிடங்கள் வரையில் தாமதமாயிற்று. அத்தாமதமே உயிர் காத்தது.

அதன்பின் அவர் செய்தவை நோக்கத்தக்கன. அயல்நாடுகள் வானூர்திகளில் உணவை அனுப்பின. அதனைப் பசித்தவர்பாற் கொண்டு சேர்க்க வாகனம் வேண்டுமல்லவா? முரளிதரன் தம் பொருளைச் செலவிட்டுப் பத்துப் பத்து லொறிகளாக மூன்று அணிகள் திரட்டினார். பங்கீட்டைத் தாமே உடனிருந்து கவனித்தார். பின்பு வீடு கட்டும் காலம் வந்தபோது சீமெந்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. லபார்ஜ் என்னும் சீமெந்து நிறுவனத்தின் விளம்பரத்திற்கு இசைந்து, கூலியைப் பணமாகப் பெறாது, அறநிலையத்திற்குச் சீமெந்தாகவே தரச்செய்தார்.

இது விளம்பரக் கூலிதானே, ஈகையாகுமோ எனில், கூலியே. எனினும் அது அவர் வீட்டை அடையவில்லை. வள்ளுவர் ஒப்புரவறிதலை ஈகைக்கு முன் வேறோர் அதிகாரமாக வைத்தார். இரந்து நின்றார்க்கு மறாது கொடுத்தல் ஈகை. உலக நடையறிந்து, ஊருக்கு வேண்டுவது அறிந்து உதவுதல் ஒப்புரவு. வெப்ப நாட்டிற்குக் கம்பளி அங்கி அனுப்புவதும் ஈகைதான். அங்கே லொறி இல்லை, இங்கே சீமெந்து இல்லை என்று கண்டுகொள்ளுதற்கு வேறோர் அறிவு வேண்டும்.

அவ்வறிவு வாய்க்காதபோது விளைவது யாது என்பதற்கு நாம் தொலைவு செல்ல வேண்டா. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில், சவூதி அரேபியாவின் கொடையால் 500 வீடுகள் எழுந்தன. கொடுத்தவர் மனம் நிறைந்தே கொடுத்தனர். கொத்தனாரும் கட்டி முடித்தனர். யாருக்கு எத்தனை வீடு என்னும் பிணக்கு வழக்காகி, வீடிழந்தோர் வாடகை மனைகளில் முதுமையடைய, அவ்வீடுகள் ஆண்டுக்கணக்காகக் காடடர்ந்து கிடந்தன. கதவு பெயர்ந்தது, கூரை சிதைந்தது. கொடை பெரிது, அது உரியவர் கையை அடையும் வழியை ஒழுங்குசெய்வார்தாம் இலர்.

சீனிகமவில் வீடுகளும் பாடசாலையும் கணினிக் கூடமும் எழுந்தன. 1977இல் தம் இனத்தார் என்பதனால் தந்தையின் உடைமை எரியக் கண்ட ஒருவர், எவ்வினத்தார் ஊர் என எண்ணாது அங்கே நின்றார் என்பதை நம் மாணாக்கர்க்குச் சொல்லலாம். பாடநூலில் இல்லாவிடினும் சொல்லலாம்.

அக்கிராமத்திலிருந்து தெற்கே சிறிது தொலைவில் காலி மைதானம். 2004இல் கடல் புகுந்து சிதைத்த அவ்விடம் திருத்தப்பட்டு 2007 டிசெம்பரில் மீண்டும் திறக்கப்பெற்றது. 2010 ஜூலை 22ஆம் நாள், இந்தியாவிற்கு எதிராக, தம் 133ஆவது டெஸ்ட் போட்டியின் இறுதி நாளில், அங்கேதான் முரளிதரன் 800ஆவது விக்கெட்டைக் கைப்பற்றினார். பிரக்யான் ஓஜாவின் துடுப்பிற் பட்ட பந்தை மஹேல ஜயவர்தன பிடித்தார். டெஸ்ட் ஆட்டத்தில் அக்கை வீசிய கடைசிப் பந்து அதுவே.