சாரம் சரிந்தால் பணம் தருவது யார்? கட்டட கான்ட்ராக்டர் கையில் இருக்க வேண்டிய 2 பாலிசிகள்

வீடு கட்டப் பேசும்போது சதுர அடிக்கு எவ்வளவு, எந்த சிமென்ட், எந்தக் கம்பி, டைல்ஸ் என்ன விலைக்குள் என்று நாலு தடவை உட்கார்ந்து பேசுகிறோம். ‘வேலை செய்கிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?’ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கான்ட்ராக்டரும் சொல்வதில்லை. கட்டடத்தின் முகப்பில் திருஷ்டி பொம்மையைத் தொங்கவிடுவதோடு பல இடங்களில் பாதுகாப்பு ஏற்பாடு முடிந்துவிடுகிறது.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அவ்வளவு பெரிய விபத்து என்றால் அரசும் நீதிமன்றமும் தாமாகவே உள்ளே வந்துவிடும். தெருமுனையில் நடக்கும் இரண்டு மாடி வேலையில் ஒரே ஒரு சென்ட்ரிங் தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்தால் அது செய்தித்தாளில் நாலு வரி. ஆனால், அந்த ஒரு விபத்துக்கான கணக்கே சின்ன கான்ட்ராக்டர் ஒருவரின் தொழிலை மூடிவிடப் போதுமானது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் வந்தது. இப்போது அது 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்திருக்கிறது. கணக்கிடும் முறை மாறவில்லை. வேலையில் இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, அவருடைய வயதுக்கென்று சட்டத்தின் அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். கொத்தனார் நாளுக்கு ஆயிரம் ரூபாய் வாங்கினாலும், 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட உச்சவரம்பின்படி கணக்குக்கு எடுப்பது மாதம் 15,000 ரூபாய்தான். அதில் பாதி 7,500. முப்பது வயதுக்காரருக்கு அட்டவணை எண் 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். நாற்பது வயது என்றால் 13,81,275 ரூபாய். உயிர் பிழைத்து, இனி எந்த வேலையும் செய்ய முடியாமல் படுத்துவிட்டால் பாதிக்குப் பதில் 60 சதவிகிதம். முப்பது வயதுக்காரருக்கு அது 18,71,820 ரூபாய். மருத்துவமனைச் செலவு இதற்கு மேல்.

‘ஹெல்மெட் போடச் சொன்னேன், அவர்தான் போடவில்லை’ என்பது கான்ட்ராக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். சின்னக் காயத்துக்கு அந்த வாதம் கொஞ்சம் எடுபடலாம். மரணத்திலும், முழு நிரந்தர ஊனத்திலும் எடுபடாது. தொழிலாளி குடித்திருந்தார் என்று நிரூபித்தால்கூட இழப்பீடு உண்டு. ‘என் ஆள் இல்லை, மேஸ்திரி கூட்டி வந்த ஆள்’ என்பதும் அப்படித்தான். மொத்த வேலையை எடுத்துக்கொண்டு, லேபர் கான்ட்ராக்டை மேஸ்திரிக்குப் பிரித்துக் கொடுத்தவரிடமே தொழிலாளியின் குடும்பம் இழப்பீடு கேட்கலாம். அவர் கொடுத்துவிட்டு, பிறகு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். மேஸ்திரியிடம் என்ன இருக்கப்போகிறது என்பது தனிக் கதை.

பஞ்சாயத்து செல்லாது

நம்மூரில் அதிகம் நடக்கும் தவறு இதற்கு அடுத்தது. விபத்து நடந்த இரவே பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து, இரண்டோ மூன்றோ லட்சம் பேசி, குடும்பத்தின் கையில் கொடுத்து, ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்’ என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். சட்டத்தின் முன் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. மரண இழப்பீட்டைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். முன்பணம் தவிர, நேரில் கொடுத்த தொகை இழப்பீடாகவே கணக்கில் வராது. அதே குடும்பம் பிறகு மனு போட்டால் கான்ட்ராக்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவிகித வட்டி. தகுந்த காரணம் இல்லாவிட்டால் தொகையில் பாதிவரை அபராதமும் சேரலாம். அந்த அபராதத்தை எந்த பாலிசியும் ஏற்பதில்லை.

இந்தப் பொறுப்பைத் தாங்குவதுதான் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி. ‘டபிள்யூ.சி. பாலிசி’ என்று கேட்டால் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் கிடைக்கும். பிரீமியம், காட்டும் மொத்தச் சம்பளத்தையும் வேலையின் தன்மையையும் பொறுத்தது. தளத்தில் இருபத்தைந்து பேர் நிற்கும்போது பத்துப் பேர் என்று எழுதிக் கொடுத்துப் பிரீமியத்தை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. விபத்துக்குப் பிறகு நிறுவனம் முதலில் கேட்பது வருகைப் பதிவேடும் கூலிப் பதிவேடும்தான். மேஸ்திரியின் ஆட்களையும் சேர்த்திருக்கிறதா, மருத்துவச் செலவு உண்டா என்பதையும் பாலிசியில் பார்க்க வேண்டும். இரண்டையும் தனியாகக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

பிளான் அனுமதியின்போது கட்டும் ஒரு சதவிகித நல நிதியை இன்ஷூரன்ஸ் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகும் பணம். வாரியத்தின் உதவி தொழிலாளிக்குக் கிடைக்கும். அதனால் கான்ட்ராக்டரின் பொறுப்பு ஒரு ரூபாய்கூடக் குறையாது.

பக்கத்து வீட்டுச் சுவர்

இரண்டாவது, கட்டடத்துக்கான ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ பாலிசி. வெள்ளம், தீ, தளம் சரிவது, திருட்டு போன்றவற்றால் கட்டிக்கொண்டிருக்கும் வேலைக்கு ஏற்படும் சேதத்தை ஒரு பகுதி பார்த்துக்கொள்ளும். தெருவில் போகிறவர்மேல் செங்கல் விழுந்தால் இன்னொரு பகுதி. பெயரில் ‘ஆல்’ இருப்பதால் எல்லாம் அடங்கிவிட்டது என்று ஏமாந்துவிடக் கூடாது. சொந்தத் தொழிலாளியின் காயம் இதில் வராது. அதனால்தான் இரண்டு பாலிசி.

நகரங்களில் அதிகச் சண்டை வருவது அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டும்போது. இரண்டு வீட்டுக்கும் இடையில் மூன்றடி சந்து. இங்கே பொக்லைன் இறங்கினால் அங்கே சுவர் விரிசல் விடும். அதிர்வாலோ, பக்கத்து மண்ணின் பிடிமானம் போவதாலோ வரும் சேதத்தை வழக்கமான பாலிசி விலக்கி வைத்திருக்கிறது. கூடுதல் பிரீமியம் கட்டி அந்தப் பிரிவைச் சேர்க்க வேண்டும். தோண்டுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுச் சுவர்களைத் தேதியோடு போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது. பழைய விரிசல் எது, புதியது எது என்ற வாக்குவாதத்தில் அந்தப் படங்கள்தான் பேசும்.

தரமில்லாத வேலைக்கும் இதில் பணம் கிடையாது. கலவை சரியில்லாமல் ஒரு தூண் போனால் அந்தத் தூணைத் திரும்பக் கட்டுவது கான்ட்ராக்டர் செலவு. அது விழுந்து, ஒழுங்காகக் கட்டிய மற்ற பகுதி சேதமானால் அதற்குக் கோரலாம். கட்டடத்தின் மதிப்பையும் முழுதாகக் காட்ட வேண்டும். வீட்டுக்காரரே வாங்கித் தரும் கம்பி, சிமென்ட்டையும் சேர்த்துத்தான். பாதி மதிப்புக்கு எடுத்தால், பத்து லட்சம் சேதத்துக்கு ஐந்து லட்சம்தான் கணக்கில் வரும்.

சேதம் நடந்தால் உடனே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்கமான பாலிசி வாசகம் 14 நாட்களைத் தாண்டிய தகவலை ஏற்பதில்லை. சர்வேயர் வந்து பார்ப்பதற்குள் இடிபாடுகளை அள்ளிவிடக் கூடாது. பணம் வராமலோ மழைக்காகவோ வேலையை நிறுத்தி வைத்தாலும் நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். வேலை நின்றதால் வரும் சேதம் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் பாதியில் நிற்கும் கட்டடங்கள் நம்மூரில் எத்தனை!

வீடு கட்டுகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு பாலிசியின் நகலையும் கேட்டு வாங்கி, முடியும் தேதியைப் பார்க்கலாம். பத்து மாத வேலை பதினைந்து மாதம் இழுப்பது சகஜம். தேதி முடிவதற்குள் நீட்டிக்காவிட்டால் கடைசி ஐந்து மாதம் பாலிசி இல்லாமலே நடக்கும். சாவியைக் கொடுத்த பிறகான பராமரிப்புக் காலத்துக்கும் தனியாகச் சேர்க்கலாம், ஆனால் அது பெரும்பாலும் 12 மாதம்வரைதான். ரெரா சட்டத்தின் கீழ் வரும் அடுக்குமாடியைக் கட்டி விற்பவருக்கோ கட்டமைப்புக் குறைகளுக்கான பொறுப்பு 5 ஆண்டுகள். மிச்சமுள்ள 4 ஆண்டுகளும் அவர் சொந்தப் பணம்தான்.